நான் எழுதிச் சேர்த்த தங்கை

நான் ஒரு பெண்பிள்ளையை ஆண்பிள்ளையாக்கினேன். அவளுக்கு இல்லாத ஒரு தங்கையையும் என் கையால் எழுதிக் கொடுத்தேன். இரண்டையும் அவளை எழுதியவளைக் கேட்காமலே செய்தேன். அவளாகவே கேட்டபோது பொய் சொன்னேன்.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நீங்கள் என்னிடம் எழுதச் சொன்னது வேறு. இளையோர் நாவல்களைச் செம்மைப்படுத்துகிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். நான் நன்றாகச் செய்த வேலைகளும் இருக்கின்றன. அவற்றை யார் செய்திருந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் செய்திருப்பார்கள். இந்தப் பிழையை மட்டும் நான்தான் செய்திருக்க முடியும். இந்த ஊர்க்காரன், இந்தப் பேச்சைப் பேசி வளர்ந்தவன், படித்தவன் என்ற நினைப்பும் உள்ளவன்.

டிஸ்டோப்பியா என்று நீங்கள் சொல்கிற கதைகளை மட்டக்களப்பில் எங்கள் பதிப்பகத்தில் ‘கெட்டகாலக் கதை’ என்போம். உலகம் கெட்டுப்போயிருக்கும், ஓர் அரசு எல்லோரையும் அடைத்து வைத்திருக்கும், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று அதை எதிர்த்துக் கிளம்பும். ஒரு காலத்தில் அப்படிப்பட்ட கையெழுத்துப் பிரதிகள் மழைக்காலத்து ஈசல் மாதிரி வந்தன. அவற்றை வாசித்து வாசித்து எனக்குச் சில கருத்துகள் உண்டாயின. பையன்கள் எழுதினால் பெண் சிறைப்படுவாள், பையன் மீட்பான். பெண்கள் எழுதினால் பெண்ணின் கையில் ஆயுதம் இருக்கும். ஆனால் ஆயுதத்தை எடுக்குமுன் அவள் தலைமயிரை வெட்டிவிட வேண்டும், சமைக்கத் தெரியாதவளாக இருக்க வேண்டும், அழக்கூடாது. அழுகிற பையன் ஒருவன் இருந்தால் அவன் பாதிக் கதைக்குள் செத்துப்போவான். இதையெல்லாம் நான் கவனித்து, ஆசிரியர்களுக்கான ஒரு பயிலரங்கில் பேசியும் இருக்கிறேன். பெண்ணுக்கு ஆணின் சட்டையைப் போட்டுவிடுவது விடுதலை ஆகாது என்று சொன்னேன். கைதட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டல் பிடித்திருந்தது.

அந்தக் காலத்தில்தான் நிரோஜினியின் நாவல் வந்தது. மண்டூர்ப் பிள்ளை. படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். நாவலின் பெயர் ‘மேடு’.

கதை இதுதான். கடல் ஏறி முகத்துவாரத்தை விழுங்கிவிட்டது. வாவியும் கடலும் ஒன்றாகிவிட்டன. மிஞ்சிய மேட்டு நிலத்தில் மரக்கால்களில் வீடுகள். இடம் போதாது. எந்த வீடு நிற்கலாம், எந்த வீடு நிற்கக்கூடாது என்று தீர்மானிக்க ஒரு நிருவாகம். அந்த நிருவாகம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் பக்கத்து வழக்கத்தையே எடுத்துச் சட்டமாக்கிவிட்டது. இங்கே வீடு மகளுக்குத்தானே? கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை அவள் வீட்டுக்கு வருவான். தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு சிறு வீட்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். நிருவாகம் அதைத் திருப்பிப் போட்டது. ஒவ்வொரு வீடும் அதன் மகளின் பெயரில் இருக்கும். அவள் அந்த மேட்டை விட்டுப் போனால் வீட்டைக் கழற்றி மரத்தையும் தகரத்தையும் மற்றவர்களுக்குப் பங்கிடுவார்கள். பெண்ணுக்கு வீடு என்றிருந்தது வீட்டுக்குப் பெண் என்று ஆகிவிட்டது. ஆண்களுக்கு வீடே இல்லை. வள்ளம் கொடுத்து எங்கே அனுப்பினாலும் போக வேண்டும்.

வெளியாரின் கதைகளைப் பார்த்து எழுதாமல், தன் வளவுக்குள்ளிருந்தே ஒரு கெட்டகாலத்தைத் தோண்டி எடுத்திருந்தாள். எனக்கு அது உடனே பிடித்தது.

கதையைச் சொல்வது ஒரு ‘நான்’. தாய்க்கு நோய். மருந்து வாவியின் மறுகரையில் இருக்கிறது. விடிகிற நேரம் தலையை மூடிக்கொண்டு அந்த ‘நான்’ வள்ளத்தைத் தள்ளுகிறது. தாய் படியில் நின்று “மனே” என்று கூப்பிடுகிறாள். வேறொன்றும் சொல்லவில்லை. வள்ளம் போகிறது.

இனி என் பிழை.

முதல் செம்மையாக்கத்தை வேறொருவர் செய்திருந்தார். நிரோஜினியும் மெய்ப்புப் பார்த்து ஒப்புதல் தந்துவிட்டாள். அச்சுக்குப் போகிற கடைசிப் படியை நான் ஒருமுறை வாசிப்பது வழக்கம். பாடசாலைகளின் வாசிப்பு மாதம் நெருங்கியிருந்தது. அதற்குள் புத்தகம் நூலகங்களுக்குப் போகாவிட்டால் அந்த வருடம் போகாது. அச்சகத்திலிருந்து மணிக்கொரு தடவை கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பக்கவடிவமைப்பாளர் ரமீஸின் கணினிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு கடைசி அத்தியாயத்துக்கு வந்தேன்.

‘நான்’ மருந்தோடு திரும்பி வருகிறது. வீடு கழற்றப்பட்டுக் கிடக்கிறது. வெற்றுக்கால்கள் மட்டும் நிற்கின்றன. அதிகாரி கேட்கிறான்: “இந்த வீட்டின் பெண் எங்கே?” அதற்கு அடுத்ததுதான் நாவலின் கடைசிச் சொல்.

“வந்துவிட்டேன்.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெண் எங்கே என்று கேட்டால் இவன் ஏன் தான் வந்துவிட்டதாகச் சொல்கிறான்? இந்த வீட்டில் ஒரு மகள் இருந்ததாகக் கதையில் எங்கும் இல்லையே? எழுதிய பிள்ளை ஒரு சகோதரியை மனதில் வைத்துக்கொண்டு, அவளைக் கதைக்குள் கொண்டுவர மறந்துவிட்டது. கடைசிச் சொல்லில் வினைமுற்றும் பிழைத்துவிட்டது. முதல் நாவல் எழுதுகிறவர்களுக்கு இது நடக்கும். எனக்குப் பாவமாக இருந்தது. அதோடு கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது. வேறு யார் கண்ணிலும் படாத ஓட்டையை நான் கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா?

ரமீஸ் காத்தான்குடிப் பொடியன். வேலையில் கண்ணாக இருப்பான், வாயும் சும்மா இருக்காது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “எழுதின புள்ளைக்கிட்ட ஒருக்கா கேளுங்களன் சேர். ஒரு கோல்தானே.”

“இதில என்ன கேக்கக் கிடக்கு? பிழை எண்டு தெரியுதுதானே.”

“எனக்குத் தெரியல்ல சேர்.”

“வள்ளம் வலிக்கிறது ஆரு? பொடியன்தானே? அப்ப இந்த வீட்டின் பெண் எண்டா அவன்ட சகோதரிதானே?”

“பொடியன் எண்டு எங்க எழுதிக் கிடக்கு?”

“மனே எண்டு தாய் கூப்பிடுறாவே. மகனே எண்டதுதானே அது. அதைவிட என்ன வேணும்?”

அவன் தோளைக் குலுக்கினான். “நீங்க தமிழ் படிச்சவங்க” என்று திரையின் பக்கம் திரும்பிவிட்டான். அவன் சொன்ன விதத்தில் ஒரு குத்து இருந்தது. அதையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் கோல் எடுத்தேன். மணி போனது; அவள் எடுக்கவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது. இந்த ஆறுதலை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுத்தாளர் தொலைபேசியை எடுக்காதபோது உங்களுக்கு ஆறுதல் வந்தால், நீங்கள் செய்யப்போவது செம்மையாக்கம் அல்ல.

இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு தங்கையை எழுதிச் சேர்த்தேன். அவள் வீட்டுக்குள் இருந்து தாயைப் பராமரிக்கிறாள், அண்ணன் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நன்றாகத்தான் எழுதினேன், அவள் பின்னுகிற பன்பாயைக்கூட விட்டுவைக்கவில்லை. காவல்காரன் ஒருவன் ‘நானை’ “கதிர்!” என்று கூப்பிடும்படி ஓரிடத்தில் மாற்றினேன். கடைசியில் “வந்துவிட்டேன்” என்பதை “வந்துவிடுவாள்” என்று திருத்தினேன். தங்கை அண்ணனைத் தேடிப் போயிருக்கிறாள், வருவாள். ‘மனே’ என்ற சொல்லை மட்டும் தொடவில்லை. எங்கள் மண்ணின் சொல், இருக்கட்டும் என்று விட்டேன்.

பயிலரங்கில் நான் எதைப் பழித்தேனோ அதையே ஒரு பிற்பகலுக்குள் செய்து முடித்தேன். ஆண் வள்ளத்தில், பெண் பாயில்.

ரமீஸ் பக்கங்களைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது நிரோஜினி திருப்பிக் கோல் எடுத்தாள்.

“சேர், கோல் பண்ணியிருந்தீங்க. குளிக்கப் போயிட்டன். ஏதும் பிரச்சினையா?”

“ஒண்டும் இல்ல மகள். சின்னச் சின்ன எழுத்துப்பிழைதான். பாத்துட்டன்.”

“கடைசி அத்தியாயம் சரியா சேர்?”

“அருமை” என்றேன்.

அன்று நான் சொன்ன பொய் அதுதான். மாற்றியதுகூட அறியாமை என்று வாதாடலாம். இதற்கு வாதமில்லை. கேட்டால் அவள் ஏதாவது சொல்வாள், சொன்னால் அச்சு நிற்கும், நின்றால் நான் பதில் சொல்ல வேண்டும்.

புத்தகத்தை அவள் படித்த பாடசாலையிலேயே வெளியிட்டோம். மேடையில் அவளிடம் முதற் பிரதியைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் மடியில் வைத்துப் புரட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போனாள். பிறகு புத்தகத்தை மூடி, கைகளை அதன்மேல் வைத்துக்கொண்டு கூட்டம் முடியும்வரை நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் என்று நினைத்தேன்.

கீழே இறங்கியதும் என்னிடம் வந்தாள்.

“சேர், இந்தத் தங்கச்சி ஆரு?”

நான் சிரித்தேன். “நீங்க மறந்துபோன தங்கச்சிதான் மகள்.”

“நான் மறக்கல்ல. அப்படி ஒரு ஆள் இல்ல.”

“அப்ப கடைசியில அவன் தேடுற பெண்?”

“அவன் இல்ல சேர். அது பொம்புளப்புள்ள. முதல்ல இருந்தே பொம்புளப்புள்ளதான். அவவுக்கு வீடு, அவவுக்கு வள்ளம் இல்ல. அவ போனதாலதான் வீட்டைக் கழட்டினாங்க.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மனே என்று... என்று தொடங்கினேன்.

“எங்கட அம்மா என்னை அப்படித்தான் கூப்பிடுறவ” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தெருவுக்கு வழி சொல்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு மாணவிகள் கையெழுத்துக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி கேட்டது என் காதில் விழுந்தது: “அக்கா, பொடியனை வச்சி ஏன் எழுதின? பொண்ணை வச்சி எழுதியிருக்கலாமே?” நிரோஜினி பேனையை மூடித் திறந்தாள்.

நான் வீடு திரும்பினேன். என் மகளும் எங்கள் முறைப்படி முன்வீட்டில் இருக்கிறாள். நானும் மனைவியும் பின்வளவில். கேற்றைத் திறக்கும்போது மகள் குசினி யன்னலால் கூப்பிட்டாள்: “அப்பா, மீன் எடுத்து வச்சிருக்கன். வந்து கொண்டு போங்க.”

“வாறன் மனே” என்றேன்.

சொல்லிவிட்டு வளவின் நடுவில் அப்படியே நின்றேன். பிறந்த நாளிலிருந்து அவளை நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன். இங்கே எல்லாத் தாய்தகப்பனும் ஆண் பெண் பாராமல் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுகிறோம். அது மகனே என்பதன் குறுக்கம் என்று யாரும் யோசிப்பதில்லை. வாயில் இருக்கும்போது அந்தச் சொல்லுக்கு ஆண் பெண் கிடையாது. அதே சொல்லைத் தாளில் பார்த்ததும் நான் இலக்கணம் படித்தவனாகிவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு வந்தது வெட்கத்தைவிட அதிகமாக ஆர்வம். என் கண்ணுக்குள் என்ன நடந்தது என்று அறிய ஆசைப்பட்டேன். தமிழில் ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று மூன்றாம் ஆளுக்குத்தான் ஆண் பெண் ஒட்டிக்கொள்ளும். ‘வந்தேன்’ என்பவர் யார் என்று மொழி சொல்வதில்லை. நிரோஜினி அந்த இடைவெளிக்குள்தான் கதையைக் கட்டியிருந்தாள். அந்த இடைவெளியை நிரப்பியது யார்?

அவளுடைய மூலத்தின் முதல் அத்தியாயத்தைப் படியெடுத்து, கதையை அறியாதவர்களுக்குக் கொடுத்து, சொல்பவர் யார் என்று கேட்டுத் திரிந்தேன். ஏறக்குறைய எல்லோரும் பையன் என்றார்கள். பெண்களும்தான். ஏன் என்று கேட்டால் காரணங்கள் வந்தன. வள்ளம். இருட்டு. தனியே போவது. “பயம் எண்டு ஒரு வரியும் இல்லையே சேர்” என்றார் ஓர் ஆசிரியை. உயர்தரம் படிக்கும் மாணவி ஒருத்தி சொன்னதை இன்றைக்கும் யோசிக்கிறேன்: “ஆளின்ட வடிவைப் பற்றி ஒண்டும் எழுதல்ல. பொண்ணு எண்டா முகம் எப்படி, முடி எப்படி எண்டு எழுதியிருப்பாங்கதானே?”

என் மனைவி மட்டும் பெண் என்றாள். நான் துள்ளிவிட்டேன்.

“எப்படிக் கண்டுபிடிச்ச?”

“சோத்துப்பானைய மூடிட்டுத்தானே வள்ளத்தில ஏறுது. ஆம்புள ஆரு மூடுறது? நீங்க மூடுவீங்களா?”

இதை நிரோஜினியிடம் சொன்னபோதுதான், புத்தகம் வந்த பிறகு முதல் தடவையாக அவள் சிரித்தாள். “அது எங்கட மாமா செய்யிற வேலை சேர். காகம் கொத்திடும் எண்டு. நான் அதை யோசிச்செல்லாம் எழுதல்ல.” ஆக, சரியான விடைக்கும் காரணம் பிழை. பையன் என்றவர்களும் பெண் என்றவளும் ஒரே பானைக்குள்தான் கையை விட்டிருக்கிறார்கள்.

எனக்கு அதில் ஒன்று பிடிபட்டது. நாவலின் சட்டப்படி பெண் வீட்டில் இருக்க வேண்டும், ஆண் வள்ளத்தில் போக வேண்டும். அந்தச் சட்டத்தை மீறிப் போகிற ஒருத்தியை நிரோஜினி என் கண்முன்னே வைத்தாள். நானோ சட்டப்படி போகிற ஒருவனைத்தான் கண்டேன். அந்த நிருவாகத்தின் காவல்காரர்களைத் தலையை மூடி ஏமாற்றிவிட்டுத் தப்பிய பிள்ளையை, கடைசியில் நின்ற காவல்காரன் பிடித்துத் திருப்பி வீட்டுக்குள் விட்டான். அவன் நான்தான். பாயையும் கையில் கொடுத்தேன்.

இதெல்லாம் யோசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் கெடுத்தது ஒரு புத்தகத்தை மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்டு, திருத்திய பதிப்பை எங்கள் செலவில் போடுவதாகச் சொன்னேன். “போடுங்க” என்றாள். பிறகு, “இனிப் போட்டு என்ன சேர்” என்றாள். நான் விடாமல் கேட்டபோது சொன்னாள். கொழும்பில் புத்தகங்களுக்குப் படம் வரைகிற ஒரு நிறுவனத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. தாய் விடவில்லை. தகப்பன் இல்லாத வீடு. தாய் ஊர் வயல்வெளியான வட்டையில் உள்ள துண்டு நிலத்தைச் செய்து, அவளுக்கென்று முன்வளவில் கல்வீடு கட்டிக்கொண்டிருந்தாள். வீடு முடிய வேண்டும், கலியாணம் முடிய வேண்டும், அதுவரை அசையக்கூடாது. வாயால் சொன்னால் அழுகையில் முடிந்தது. அதனால் எழுதினாள். தாய்க்கு வாசிக்கப் பிடிக்கும். கடைசிச் சொல்லுக்கு வரும்போது அம்மாவுக்கு விளங்கும் என்று நம்பியிருந்தாள்.

“வாசிச்சாவா?”

“ரெண்டு நாளில வாசிச்சி முடிச்சிட்டா. ‘நல்ல கதை மனே, அந்தப் பொடியன் பாவம்’ எண்டா. மறுகா, ‘தங்கச்சியைப் பாத்தியா, வீட்டில இருந்து தாயைப் பாத்துக்கிச்சு’ எண்டா.”

“கொழும்பு வேலை?” என்று கேட்டேன்.

“அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க” என்றாள்.

பதிப்பாசிரியனாக நான் எழுதிய வரிகளில் ஒருவரின் வாழ்க்கையை அசைத்தவை அந்தச் சில பத்திகள்தான்.

அடுத்த வாரம் மண்டூருக்குப் போனேன். குருமண்வெளியில் ‘பாதை’ ஏற வேண்டும். மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் ஒன்றாக ஏற்றி வாவியைக் கடக்கிற தட்டைப் படகைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். கையில் மூலப்பிரதி. நிரோஜினியிடம் முதலிலேயே அனுமதி கேட்டிருந்தேன். இம்முறை கேட்டேன்.

தாய் யோகேஸ்வரி முன்வளவில் நின்றார். கதவு நிலைக்கு மேலே லின்ரல் மட்டத்துக்கு எழும்பியிருந்த சுவர்களுக்கு வாளியில் அள்ளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் இன்னாரென்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு, “தேத்தண்ணி போடுறன், இருங்க சேர்” என்றார்.

“தங்கச்சி, முதல்ல ஒரு விசயம். உங்கட மகள்ட புத்தகத்தை நான் கெடுத்துட்டன். நீங்க வாசிச்சது அவ எழுதினதில்ல. அவ எழுதினதை வாசிச்சிக் காட்ட வந்தன்.”

அவர் மகளைப் பார்த்தார். நிரோஜினி பின்வீட்டு வாசலில் நின்று நிலத்தைப் பார்த்தாள்.

“சுவர் காயுது” என்றார் தாய். “வாசிங்க. நான் ஊத்திக்கிட்டே கேக்கிறன்.”

மணல் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்து வாசித்தேன். வாளி கிணற்றுக்கும் சுவருக்குமாகப் போய் வந்தது. வள்ளத்தைத் தள்ளுகிற இடம் வந்தது. அம்மா “மனே” என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை என்று வாசித்தேன். வாளி நின்றது.

“இது பொம்புளப்புள்ள.”

வாசிப்பதை நிறுத்தினேன். “எப்படித் தெரிஞ்சிச்சி?”

“பொடியன் எண்டா, மனே எண்டு கூப்பிட்டுட்டு, கவனமாப் போ எண்டு சொல்லுவா. போறது அவனுக்கு வேலைதானே. இவ ஒண்டும் சொல்லல்ல. என்ன சொல்லுறது? போ எண்டும் சொல்லேலாது. நில்லு எண்டும் சொல்லேலாது.” பிறகு, “புத்தகத்திலயும் இது இருந்திச்சி. மறுகா அந்தக் கதிர் எண்ட பேர் வந்ததால விட்டுட்டன்” என்றார்.

கடைசிவரை வாசித்தேன். இந்த வீட்டின் பெண் எங்கே? வந்துவிட்டேன். தாளை மடித்தேன்.

அவர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார். ஈரச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “புள்ள போனதுக்கு வீட்டைக் கழட்டுவாங்களா?”

“கதையில அப்படி, தங்கச்சி.”

“நான் கழட்டமாட்டனே.” இதை என்னிடம் சொல்லவில்லை. நிரோஜினி வாசலை விட்டு நகரவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். “சேர், உங்களுக்குப் பொம்புளப்புள்ள இருக்கா?”

“ஓம். ஒரு மகள்.”

“எங்க இருக்கிறா?”

“முன்வீட்டில.”

“ஆ” என்றார். “நான்தான் மகளைப் போக விடல்ல எண்டு நினைச்சி வந்திருப்பீங்க.”

வீடு திரும்பி என் மகளிடம், “நீ எங்கயாவது போக நினைச்சியா மனே?” என்று கேட்டேன். “இப்ப கேக்கிறீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகும். போன வேலை போனதுதான். அந்த முதற்பதிப்பை வாசித்த பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கதிரும் தங்கையும் மனதில் இருந்துவிட்டார்கள். சரியான பதிப்பை அவர்கள் இனி வாசித்தாலும் கடைசிச் சொல் அவர்களைத் திடுக்கிட வைக்காது. முதல் வாசிப்பு ஒருமுறைதான் கிடைக்கும். அதை நான் எடுத்துக்கொண்டேன். நிரோஜினி தன் இரண்டாவது நாவலை எங்களிடம் தரவில்லை. நான் அவள் இடத்தில் இருந்தாலும் தந்திருக்க மாட்டேன்.

ஆனால் அடுத்த வருடம் வேறொரு நிறுவனத்தில் வேலை கிடைத்து அவள் கொழும்புக்குப் போனாள். தாய் வாயால் சம்மதம் என்று சொல்லவே இல்லையாம். பயணப் பையில் அரிசிமாப் பொதி ஒன்று இருந்ததாம், அவ்வளவுதான். முன்வீட்டில் ஓர் அறைக்கு மட்டும் கூரை போட்டு, பின்வீட்டைப் பூட்டிவிட்டு அவரே அதில் போய் இருந்துகொண்டார். வழக்கத்தில் இல்லாத காரியம். புள்ளைக்குக் கட்டின வீட்டில தாய் இருக்கிறதா என்று அயலில் கேட்டிருக்கிறார்கள்.

“வீட்டுக்கு ஒரு பொம்புள வேணும்தானே?” என்றாராம். “அப்ப நான் ஆரு?”

இதை நிரோஜினி தொலைபேசியில் சொன்னாள். திருத்திய பதிப்பின் மெய்ப்புகளை அனுப்பியிருந்த சமயம். ஒவ்வொரு பக்கமும் அவளுக்குப் போனது. ஒரு காற்புள்ளியைக்கூட நான் கேட்காமல் தொடவில்லை. பதிப்புரையில் ஒரு வாக்கியம் சேர்க்க விரும்பினேன், அதற்கும் அவளுடைய ஒப்புதலைக் கேட்டேன். “முதற்பதிப்பில் இந்நாவலின் முடிவு, ஆசிரியரின் அனுமதியின்றி, பதிப்பாசிரியரால் தவறுதலாக மாற்றப்பட்டிருந்தது” என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டிருந்தேன்.

மெய்ப்பு திரும்பி வந்தது. நாவலில் அவள் எதையும் தொடவில்லை. என் வாக்கியத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு கோடு இருந்தது. ‘தவறுதலாக’ என்ற சொல்லை வெட்டியிருந்தாள்.

சரியான திருத்தம். அப்படியே அச்சிட்டோம்.